வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு சிறு வட்டம்: தொடங்குவது முதல் தொடர்ந்து நடத்துவது வரை

ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பவருக்கு, அந்த வேலையைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பது அரிது. ஈராசிரியர் பள்ளி என்றால் ஒருவர் தலைமையாசிரியர். காலை உணவு, சத்துணவு, எமிஸ் எனும் கல்வித்துறை இணையதளப் பதிவு, பள்ளி மேலாண்மைக் குழு, கட்டட வேலை என்று அவர் பாதி நாள் அலைய வேண்டும். மிச்சமிருக்கும் ஒருவர் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டே, ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 'கொ' எப்படி வந்தது என்று சொல்லித்தர வேண்டும். அந்தப் பிள்ளை மூன்று மாதமாகியும் வாசிக்கவில்லை என்றால், அந்தக் கவலையை அவர் தனியாகத்தான் வீட்டுக்குச் சுமந்துபோகிறார்.

ஆசிரியர்களின் சோர்வுக்கு வேலைப்பளு ஒரு காரணம்தான். இந்தத் தனிமை அதைவிடப் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் ஆண்டுக்கு ஒரு மனநலப் பயிற்சி, ஒரு யோகா வகுப்பு என்று முடித்துவிட்டால் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. தன் வகுப்புப் பிள்ளையின் நோட்டை இன்னொரு ஆசிரியர் கூடவே உட்கார்ந்து பார்க்கும்போதுதான் பாரம் குறைகிறது. இந்த வழிகாட்டி அதற்காக நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு வட்டத்தைப் பற்றியது. தமிழ்நாட்டுத் தொடக்கப்பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: யாரைச் சேர்ப்பது

நான்கு பேர் போதும், ஆறு பேருக்கு மேல் வேண்டாம். எட்டுப் பேர் ஆனவுடன் அது கூட்டமாகிவிடும். இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வண்டியிலோ டவுன் பஸ்ஸிலோ அரை மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடியவர்களாக இருக்கட்டும். ஒரே ஒன்றியத்தில் இருந்தால் வசதி.

ஒரே வகைப் பள்ளியிலிருந்து எல்லோரையும் எடுக்காதீர்கள். அரசுப் பள்ளி இடைநிலை ஆசிரியர் இருவர், உதவி பெறும் பள்ளியிலிருந்து ஒருவர், பக்கத்து நர்சரி பள்ளி ஆசிரியை ஒருவர் என்று இருந்தால் நல்லது. நர்சரி பள்ளி ஆசிரியைகளை நாம் மறந்தே போகிறோம். குறைந்த சம்பளம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்கிற வேலை, பயிற்சி வகுப்புக்கு அழைப்பே கிடையாது. பேச்சுத்துணை அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. அங்கன்வாடிப் பணியாளர், இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை நேரக் கற்பித்தல் திட்டத்தில் பணியாற்றிய தன்னார்வலர், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலையில் சொல்லிக்கொடுப்பவர் ஆகியோரையும் சேர்க்கலாம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, சம்பளமில்லாத தொண்டர்கள்தான் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அன்று சொல்லிக்கொடுப்பவரைச் சுற்றிப் பாட்டும் நாடகமும் கூட்டமும் இருந்தன. அந்தத் துணையை வகுப்பறை ஆசிரியருக்கு யாரும் ஏற்பாடு செய்து தரவில்லை. நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

உங்களை ஆய்வு செய்யும் பொறுப்பில் இருப்பவரை உறுப்பினராக்க வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. வட்டாரக் கல்வி அலுவலரோ ஆசிரியர் பயிற்றுநரோ எதிரில் இருந்தால், "என் வகுப்பில் ஏழு பேருக்கு இன்னும் எழுத்துக் கூட்ட வரவில்லை" என்று யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். குறிப்பாக ஒரு சந்தேகம் இருந்தால் பயிற்றுநரை அன்று மட்டும் விருந்தினராக அழையுங்கள். பலர் மகிழ்ச்சியோடு வருவார்கள்.

அழைப்பை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் போனில் பேசுங்கள். "ஆசிரியர் நல்வாழ்வுக் குழு தொடங்குகிறோம்" என்று ஆரம்பித்தால் யாரும் வரமாட்டார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "டீச்சர், உங்க ரெண்டாம் வகுப்புல கொம்பையும் காலையும் குழப்புற பசங்க இருக்காங்களா? எங்கிட்டயும் இருக்காங்க. சனிக்கிழமை நோட்டைக் கொண்டு வர்றீங்களா, சேர்ந்து உக்காந்து பார்ப்போம்."

இரண்டாம் படி: இடமும் நேரமும்

மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். கிளை நூலகம் நல்ல இடம். பள்ளி முடிந்தபின் யாராவது ஒருவரின் வகுப்பறையிலும் உட்காரலாம், தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வீடுகளைத் தவிர்ப்பது நல்லது. வீட்டுக்காரருக்கு அது இன்னொரு வேலையாகிவிடும், பலகாரம் செய்வதிலேயே பாதி நேரம் போய்விடும்.

தேதியை ஒவ்வொரு முறையும் பேசி முடிவு செய்யாமல், "ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனி, பத்து மணி" என்பதுபோல நிலையாக வைத்துவிடுங்கள். அன்று வேலைநாளாகவோ பயிற்சி நாளாகவோ இருந்தால் அடுத்த சனிக்கிழமை. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தையை விட்டுவிட்டு வரமுடியாதவர் கூட்டிக்கொண்டு வரட்டும், ஒரு டப்பா கலர் பென்சிலும் பழைய தாள்களும் இருந்தால் போதும். ஆசிரியைகள் பலர் வராமல் போவதற்கு ஆர்வமின்மை காரணமில்லை, இந்த இரண்டும்தான்.

மூன்றாம் படி: நோட்டை நடுவில் வைப்பது

வட்டம் நிலைப்பதும் கலைவதும் இந்தப் படியில்தான். பேச ஒரு பொருள் கையில் இல்லாவிட்டால் பேச்சு அலுவலகப் புலம்பலுக்குப் போய்விடும். எனவே ஒவ்வொரு முறையும் ஒருவர், ஒரே ஒரு பிள்ளையின் நோட்டைக் கொண்டுவர வேண்டும். அட்டையில் உள்ள பெயரை ஒரு தாள் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

ஒரு உதாரணம் பார்ப்போம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவனுக்குச் சொல்வதை எழுதுதல் கொடுத்திருக்கிறது. ஆசிரியர் சொன்ன சொற்கள்: கொடி, பூனை, தேள், மரங்கள், பள்ளி. பிள்ளை எழுதியது: கெடி, பூணை, தெள், மரஙகள், பளளி. மதிப்பெண் போட்டால் ஐந்துக்குச் சைபர். பார்க்கிற ஆசிரியருக்கு ஆயாசம் வந்துவிடும், "ஒன்றுமே தெரியவில்லையே" என்று.

இப்போது நால்வர் சேர்ந்து மெதுவாகப் பாருங்கள். 'கெடி' என்று எழுதியவன் ஒற்றைக் கொம்பைச் சரியான இடத்தில், எழுத்துக்கு முன்னால், போட்டிருக்கிறான். பின்னால் வர வேண்டிய காலைத்தான் விட்டிருக்கிறான். ஒகரக் குறி இரண்டு துண்டாக எழுத்தின் இருபுறமும் நிற்கும் என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. 'தெள்' என்பதில் கொம்பு தெரிகிறது, குறிலா நெடிலா என்பதில் தடுமாற்றம். இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: 'தெள்'ளில் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்திருக்கிறான். 'மரஙகள்' என்பதிலும் கடைசி ள்-க்குப் புள்ளி இருக்கிறது. சொல்லின் நடுவில் வரும் மெய்க்குத்தான் புள்ளி விழவில்லை. 'பளளி'யும் அதே கதைதான். 'பூணை' வேறு வகை. பேச்சில் ன-வும் ண-வும் பல ஊர்களில் ஒன்றுபோலவே ஒலிப்பதால், காதை வைத்து எழுதும் பிள்ளைக்கு எது என்று தெரிய வழியில்லை. அந்தச் சொல்லைப் பல தடவை கண்ணால் பார்த்துப் பழகினால்தான் சரியாகும், இப்போதைக்கு விட்டுவிடலாம்.

ஆக, 'ஒன்றுமே தெரியாத' பிள்ளைக்கு நிறையத் தெரிந்திருக்கிறது. இடர்ப்பாடு மூன்றே மூன்று: ஒகரக் குறியின் இரண்டாம் பாதி, குறில் நெடில் கொம்பு, நடுவில் வரும் மெய். இதில் எதை முதலில் எடுப்பது? என்னைக் கேட்டால் நடு மெய்யை. தமிழில் அது வராத வரியே இல்லை. முதலில் ஒரு சின்னச் சோதனை: அவன் எழுதிய 'பளளி'யை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். 'பள்ளி' என்று வாசித்தால் ஒலி அவனுக்குத் தெரியும், கைதான் புள்ளியை மறக்கிறது. திணறினால் 'பள்-ளி' என்று கைதட்டிப் பிரித்துக் கேட்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு இது மட்டும். பக்கம், கட்டம், பட்டம், தம்பி, வண்டி.

நோட்டைக் கொண்டுவந்த ஆசிரியரின் முகத்தை அப்போது கவனியுங்கள். வரும்போது இருந்த கவலை ஒரு வேலைத்திட்டமாக மாறியிருக்கும். மனநலம் என்று தனியாக ஒரு பாடம் நடத்தத் தேவையில்லை, இதுவே பெரும்பகுதியைச் செய்துவிடும்.

இந்தப் பேச்சுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: தாளில் இருப்பதைப் பற்றி மட்டும் பேச வேண்டும். "அவங்க அப்பா குடிகாரர் டீச்சர்", "வீட்டுல யாரும் படிக்க வைக்க மாட்டாங்க" என்று யாராவது தொடங்கினால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அப்பா திருந்தும்வரை நாம் புள்ளி வைக்கக் கற்றுக்கொடுக்காமல் இருக்க முடியாது.

நோட்டு இல்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ள ஒரு பொருள் சொல்கிறேன்: உகரமும் ஊகாரமும். 1978இல் தமிழ்நாடு அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ணை போன்றவற்றின் வடிவத்தைச் சீராக்கியது. உகர, ஊகார வடிவங்களைத் தொடவில்லை. அதனால்தான் கு, து, பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளைகின்றன. 247 எழுத்தையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, குறிகளைக் கற்றால் போதும் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். இந்த இரண்டு வரிசையில் மட்டும் அந்தப் பேச்சு உதவாது. ஒரேபோல் வளைபவற்றை ஒன்றாகச் சேர்த்து, எந்த வரிசையில் கொடுத்தால் எளிது என்று வட்டத்தில் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். ஒரு பிற்பகல் போதாது.

நான்காம் படி: ஒருவர் வகுப்பை மற்றவர் பார்ப்பது

ஜப்பான் பள்ளிகளில் இது நெடுங்கால வழக்கம். ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பார்ப்பார்கள், பிறகு பேசுவார்கள். அவர்கள் கவனிப்பது பிள்ளைகளை, நடத்துபவரை இல்லை. இதை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். பார்க்கப் போகிறவர் ஒரு பிள்ளையைத் தேர்ந்து, அந்தப் பிள்ளை எப்போது வாயசைத்தது, எப்போது பக்கத்துத் தாளைப் பார்த்தது, எப்போது கை நின்றது என்று மட்டும் குறித்துவர வேண்டும்.

வேலை நாளில் இது சுலபமில்லை. மாலை நேர மையத்தில் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர் வட்டத்தில் இருந்தால் அங்கே போய்ப் பார்க்கலாம். தனியார் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் விடுமுறை மாறிவரும் நாட்களும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை வாய்த்தாலே நல்லது.

ஐந்தாம் படி: வாட்ஸ்அப் குழு

வேண்டும், ஆனால் கட்டுப்பாட்டோடு. சுற்றறிக்கை, சங்கச் செய்தி, காலை வணக்கப் படம் எதுவும் அதில் வரக்கூடாது. அதற்கெல்லாம் வேறு குழுக்கள் ஏற்கனவே இருக்கின்றன. இரவு எட்டு மணிக்கு மேல் யாரும் எதுவும் போடுவதில்லை என்று முதல் நாளே பேசிவிடுங்கள். பிள்ளையின் முகமோ பெயரோ தெரியும் படம் கூடாது. அப்புறம், அலுவல் குழுக்களின் ஒலியை மாலையில் நிறுத்தி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் ஒருமுறை பார்ப்பதை வட்டத்தில் எல்லோரும் சேர்ந்தே தொடங்குங்கள். தனியாகச் செய்யப் பயமாக இருப்பது, நால்வரும் செய்கிறோம் என்றால் பயமாக இருக்காது. உண்மையிலேயே அவசரம் என்றால் போன் வரும்.

ஆறாம் படி: உடம்பு, நேரம், மனசு

முதலில் குரல். மற்ற வேலைக்காரர்களைவிட ஆசிரியர்களுக்குக் குரல் பாதிப்பு அதிகம். அதிலும் நம் வேலை ஒலியோடு நடக்கும் வேலை: பாட்டு, கதை, எழுத்தின் ஓசை. தகரக் கூரைக்குக் கீழே, பக்கத்து வகுப்புச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிக்கொண்டே இருந்தால் ஆடி மாதத்துக்குள் தொண்டை கட்டிவிடும். தண்ணீர் பாட்டில் மேசைமேல் இருக்கட்டும், அரை மணிக்கு ஒருமுறை ஒரு வாய் குடியுங்கள். கழிப்பறை வசதி சரியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் ஆசிரியைகள் எத்தனையோ பேர்; பள்ளி மேலாண்மைக் குழுவில் வெட்கப்படாமல் எழுப்ப வேண்டிய பிரச்சினை இது. வகுப்பை அமைதியாக்கக் கத்தாதீர்கள். மூன்று கைதட்டு, ஒரு சின்ன மணி, விளக்கை அணைத்துப் போடுவது, எதையாவது வழக்கமாக்குங்கள். தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுப்பாகப் பேசுவதும் அடிக்கடி கனைப்பதும் இன்னும் கெடுக்கும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்தது நேரம். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்கள். ஒரு பாடத்துக்கு மூன்று தயாரிப்பு. இதை ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்வது வீண். நால்வர் இருந்தால் பிரித்துக்கொள்ளலாம்: ஒருவர் சொல்லட்டைகள், ஒருவர் வாசிப்புத் தாள், ஒருவர் விளையாட்டு. வட்டம் வந்தபின் ஞாயிற்றுக்கிழமை கத்தரிக்கோலோடு உட்காரும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். குறையவில்லை என்றால் பங்கீடு சரியில்லை என்று அர்த்தம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 27, பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகள் தவிர வேறு கல்வி சாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை ஆசிரியருக்கு வாரத்துக்குக் குறைந்தபட்சம் 45 மணி நேரம் என்று வகுத்திருக்கிறது. தயாரிப்பு நேரமும் அதற்குள் அடக்கம். உங்கள் ஒரு வாரத்தை அரைமணிக் கணக்கில் எழுதிப் பாருங்கள். வகுப்பு, தயாரிப்பு, செயலிப் பதிவு, பயணம், கூட்டம். நால்வரின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்தப் பதிவு இரண்டு இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது என்பது தெளிவாகத் தெரியும். தலைமையாசிரியரிடமோ சங்கத்திலோ பேசும்போது "வேலை ஜாஸ்தி" என்ற புலம்பலைவிட அந்தத் தாள் நன்றாகப் பேசும்.

மனசு. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைக்கு இன்னும் தடையில்லாமல் வாசிக்க வரவில்லை என்றால் அது ஆசிரியருக்கு ஒரு துக்கம். வெளியே சொன்னால் குற்றமாகிவிடும் என்பதால் யாரும் சொல்வதில்லை. வட்டத்தில் அதற்கு இடம் வையுங்கள். ஏப்ரல் மாதக் கூட்டத்தை அதற்கென்றே ஒதுக்கலாம்: இந்த ஆண்டு யார் வாசிக்கத் தொடங்கினார்கள், யார் இன்னும் தொடங்கவில்லை. யாரும் தீர்வு சொல்ல வேண்டாம், கேட்டால் போதும். "நீங்க இப்படிச் செஞ்சிருக்கலாமே டீச்சர்" என்று ஆரம்பிப்பவரைத் தடுத்து நிறுத்துவது அன்றைக்கு நடத்துபவரின் பொறுப்பு.

வட்டத்தால் முடியாததும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பள்ளிக்குக் கிளம்பும்போதே நெஞ்சு படபடக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இலவசம், எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை நால்வரின் போனிலும் முதல் கூட்டத்திலேயே பதிந்து வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்கத் தெம்பு இருக்காது.

இன்னொன்று: தனக்கு நடந்த கொடுமையைப் பிள்ளை ஆசிரியரிடம் சொல்லிவிடும் நாளும் வரும். அதை வட்டத்துக்குக் கொண்டுவந்து யோசிக்காதீர்கள். பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி உடனே தகவல் தெரிவிப்பது கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098. தகவல் சொன்ன பிறகு அந்தப் பாரம் உங்களை அழுத்தும். அதை, பிள்ளையின் அடையாளம் எதுவும் வெளிப்படாமல், வட்டத்தில் ஒருவரிடம் பேசலாம்.

ஏழாம் படி: எங்கே உடையும்

பெரும்பாலும் மூன்றாவது நான்காவது மாதத்தில். முதல் காரணம், ஒருவரே எல்லாவற்றுக்கும் ஓடுவது. எனவே நடத்தும் பொறுப்பு மாதம் ஒருவருக்கு என்று முதலிலிருந்தே சுழல வேண்டும். நடத்துபவருக்கு இரண்டு வேலைதான்: முந்தின வியாழன் நினைவூட்டுவது, நேரத்தைப் பார்த்துக்கொள்வது.

இரண்டாவது, சங்கம். இரு வேறு சங்கத்துக்காரர்கள் ஒரே வட்டத்தில் இருப்பது நல்லதுதான், ஆனால் அந்தப் பேச்சு டீக்கடையோடு நிற்கட்டும். சாதியும் அப்படித்தான், வெளியே யாரும் சொல்லாவிட்டாலும் யார் யாரை அழைத்தார்கள் என்பதில் அது தெரிந்துவிடும். உங்கள் வட்டத்தில் எல்லோரும் ஒரே ஆட்களாக இருக்கிறார்களா என்று ஒருமுறை நேர்மையாகப் பாருங்கள். ஐந்தாவது ஆளை அதற்கேற்பக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, பாராட்டு. நன்றாக நடக்கிறது என்று தெரிந்தால் மேலிருந்து படம் கேட்பார்கள், அறிக்கை கேட்பார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள்: "நாங்க சும்மா நோட்டு பார்க்கிறோம் சார்." வருகைப் பதிவேடு வைத்த அன்றே வட்டம் இன்னொரு அலுவலாகிவிடும்.

கடைசியாக, இடமாறுதல் கலந்தாய்வு. யாராவது வேறு ஒன்றியத்துக்குப் போவார்கள், தவிர்க்க முடியாது. போகிறவர் புது ஊரில் தன் வட்டத்தைத் தொடங்கட்டும். இங்கே அந்த இடத்துக்கு ஆள் தேடுவதை ஜூன் மாதமே செய்துவிடுங்கள். ஜூலை வந்துவிட்டால் எல்லோரும் வேலையில் மூழ்கிவிடுவார்கள். புதிதாக வருபவரை முதல் கூட்டத்தில் பேசச் சொல்ல வேண்டாம், உட்கார்ந்து பார்க்கட்டும். இரண்டாம் கூட்டத்துக்குத் தன் வகுப்பிலிருந்து ஒரு நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.